களிமேல் போட்ட பழி

கொரோனா அடங்கி, ஓசூர் தொழிற்பேட்டையில் எல்லாக் கம்பெனிகளும் விட்டதைப் பிடிக்கிற வெறியில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். ஆணி அடித்த நீளப் பலகையில் ஒயர்களை வரிசையாக ஓட்டி, டேப் சுற்றி, முனையில் கனெக்டரை அழுத்த வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். என் கீழே இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள்.

சாமல்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் நான். வாய் கொஞ்சம் நீளம். அதட்டவும் தெரியும், சிரிக்க வைக்கவும் தெரியும். அதனாலேயே என்னை லீடர் ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன். கம்பெனியிலேயே லீவு குறைவான லைன் எங்களுடையதுதான். மாதக் கூட்டத்தில் மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைப்பார். எல்லாம் என் சாமர்த்தியம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். உண்மையில் அது என் கைப்பையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவின் சாமர்த்தியம்.

கம்பெனியில் முதலுதவி அறை இருந்தது. நர்ஸும் இருந்தார். ஆனால் அங்கே போனால் நோட்டில் பெயர் எழுதுவார்கள். அந்த நோட்டு சாயந்திரம் ஆபீசுக்குப் போகும். ஒரே பெயர் அடிக்கடி வந்தால், "இந்தம்மாவுக்கு ஒடம்பு முடியல போல, வேற ஆள் பாருங்க" என்று கான்ட்ராக்டருக்குச் சொல்லிவிடுவார்கள். கான்ட்ராக்டில் இருக்கிற எந்தப் பெண் அந்த அறைப் பக்கம் போவாள்? கை வலி, இடுப்பு வலி, மாதவிலக்கு வலி, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அரை மணியில் டேப் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

மாத்திரையை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வாங்குவேன். கடைக்காரர் என்னிடம் தமிழில் பேசுவார், பக்கத்தில் நிற்பவரிடம் கன்னடத்தில் பேசுவார், வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். அங்கே யாரும் மாத்திரையின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கை கால் வலிக்கு ஒரு செட்" என்றால் போதும். ரோஸ் நிற வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை என்று அட்டையிலிருந்து கத்தரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். நான் மொத்தமாக வாங்குகிறவள் இல்லையா, அதனால் சட்டம் பேசுவேன்.

"கேஸ் மாத்திர எதுக்குங்க? எங்க பொண்ணுங்களுக்கு கேஸ் எல்லாம் இல்ல. வலிக்கு மட்டும் குடுங்க போதும்."

"வயித்துக்கு நல்லதுக்கா. சேத்துதான் போடணும்" என்றார்.

"உங்க வியாபாரத்த என்கிட்ட காட்டாதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கேஸ் மாத்திரைகளைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டார். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பெருமையோடு நான் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு வலி மாத்திரை மட்டும்தான்.

என் லைனில் ராயக்கோட்டையிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். வயது முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால் அவளை ராயக்கோட்டை என்றே கூப்பிடுவோம். புருஷன் தக்காளி மண்டியில் மூட்டை, பெட்டி ஏற்றுகிறவர். முதல் ஷிப்ட் என்றால் இவள் இருட்டோடு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். சாப்பிட்டால் பஸ்ஸில் வாந்தி வருமாம். வேலையில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு கட்டு முடிப்பதற்குள் அவள் ஒன்றை முடித்து அடுத்ததில் பாதி வந்திருப்பாள். எனக்கு டார்கெட் எட்ட அவள் கைதான் வேண்டும்.

அந்தக் கைக்குத்தான் வலி வந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. "கை ரொம்ப நோவுதுக்கா" என்று முதல் நாள் வந்தபோது ரோஸ் மாத்திரை கொடுத்தேன். கேட்டது. மறுநாளும் கொடுத்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. காலையில் லைனுக்கு வந்ததும் டீயோடு ஒன்று. ஒரு மாதம் கழித்து ரோஸ் கேட்கவில்லை என்றாள். கடையில் சொன்னபோது மஞ்சள் நிறத்தில் வேறொன்று கொடுத்தார். காலையில் ரோஸ், மத்தியானம் மஞ்சள் என்று நானே ஒரு முறை வகுத்துக் கொடுத்தேன். டாக்டருக்குப் படித்தவள் மாதிரி. இப்படி நாலு மாதம் ஓடியது.

நடுவில் அவள் சொல்லாமல் இல்லை. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றாள், மிளகாயைக் குறை என்றேன். கேண்டீன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள், பேரீச்சம்பழம் சாப்பிடு என்றேன். எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? வெளிக்கு போறது கருப்பா போவுதுக்கா. நாலஞ்சு நாளா. தாரு மாதிரி."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு மெதுவாகப் பேச வராது.

"ராத்திரி என்னாடி தின்ன?" என்றேன்.

"களிதான்க்கா."

"களி தின்னா கருப்பாதான் போவும். அப்பறம் பச்சரிசிச் சோறாட்டம் வெள்ளையாவா போவும்?"

கை கழுவ நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் ராகிக் களி தின்னாத வீடு உண்டா? தின்றால் கொஞ்சம் கருத்துப் போகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து ராயக்கோட்டை என்ற பெயர் போய், களி என்ற பெயர் வந்தது. அவள் கழிப்பறைப் பக்கம் போனாலே, "களி கெளம்பிடுச்சு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் இன்னொரு சிரிப்பு கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும். அன்று மத்தியானமும் மஞ்சள் மாத்திரையை மறக்காமல் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம், காலை பத்தரை மணி இருக்கும். அவள் பலகையில் டேப் சுற்றும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் பலகையோடு சரிந்து கீழே விழுந்துவிட்டாள். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வியர்வை. கை சில்லென்று இருந்தது. கம்பெனி வண்டியில் போட்டு ஓசூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில். முன் சீட்டில் ஹெச்.ஆர். அதிகாரி.

டாக்டர் ஒரு பெண். கர்நாடகாக்காரர் போல, பேச்சில் கன்னட வாடை இருந்தது. அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தபடி என்னைக் கேட்டார்.

"இவங்க டெய்லி ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா? வலிக்கு, அந்த மாதிரி?"

என் தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குள் டப்பா. எனக்குப் பக்கத்தில் தோள் இடிக்கிற தூரத்தில் ஹெச்.ஆர். அதிகாரி. முதலுதவி அறை இருக்கும்போது நீ யாரம்மா மாத்திரை கொடுக்க என்று அவர் கேட்டால் என் வேலை அன்றோடு சரி. இவ்வளவையும் ஒரு நொடியில் யோசிக்க முடிந்தது என்னால்.

"தெரியாது மேடம்" என்றேன்.

"ரத்தம் ரொம்ப கம்மி இருக்கு. பீரியட்ஸ் டைம்ல ஜாஸ்தி போகுமா?"

தப்பிக்க ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. "ஆமா மேடம், ரொம்ப. அடிக்கடி சொல்லுவா" என்றேன். அவள் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

டாக்டர் தலையாட்டினார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். ரத்தப் பரிசோதனை வரட்டும், அப்புறம் பெண்கள் டாக்டரைக் கூப்பிடலாம் என்றார். அதற்குள் ஒரு விபத்துக் கேஸ் வர, அங்கே போய்விட்டார். ஒரு மணி நேரம் போனது. ரெண்டு மணி நேரம் போனது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவை எடுத்து டிபன் பாக்ஸுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே அவளுக்கு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை அந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

ஒரு மணி வாக்கில் அவள் புருஷன் மண்டியிலிருந்து அப்படியே ஓடிவந்தார். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. அவர் வந்து நின்ற அதே நேரம் உள்ளே அவள் வாந்தி எடுத்தாள். காபித்தூள் கரைத்த மாதிரி வாந்தி. நர்ஸ் கத்திக்கொண்டு ஓடினார். டாக்டர் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. புருஷனைக் கூப்பிட்டு, "மோஷன் கருப்பா போச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். பத்து நாளா அப்பிடித்தான் போவுதாம். எனுக்கும் பயமா இருந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்கி போலாம்னு கூப்புட்டேன். வேணாம், களி திங்கறதுனாலதான்னு கம்பெனி அக்கா சொல்லிட்டாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டா மேடம்."

"களிக்கு இப்படி போகாது. இது ரத்தம்" என்றார் டாக்டர். வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் வெளியே வரும்போது தார் மாதிரி கருத்துத்தான் வரும், சிவப்பாக வராது என்று அவருக்கு விளக்கினார். பத்து நாளாகக் கசிந்துகொண்டிருந்த ரத்தத்தை வைத்து நான் ஜோக் அடித்து, ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறேன்.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். என் யூனிபார்மைப் பார்த்தார். "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எந்நேரமும் உங்க பேச்சுதாங்க அவளுக்கு. நீங்க இல்லன்னா எப்பவோ நின்னுருப்பேன்னு சொல்லுவா."

நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் ரெண்டு இடத்தில் புண். ஒன்று ஆழமாகி ரத்தக்குழாயையே அரித்திருந்தது. அங்கேயே அடைத்தார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கம்பெனி நோட்டீஸ் போர்டில் அதற்காக என் போட்டோவை ஒட்டினார்கள். ஒரு வாரம் அந்தப் போர்டைத் தாண்டும்போதெல்லாம் தரையைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் டாக்டர் அவளிடமே கேட்டாராம். வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் வலி மாத்திரை தின்றால்தான் இப்படி அரிக்கும், யார் கொடுத்தது என்று. "நானே கடையில வாங்கித் தின்னேன் மேடம்" என்றாளாம். புருஷன் இதைச் சொல்லி என்னிடம் வருத்தப்பட்டார். "எனுக்கே தெரியாம தின்னிருக்கா பாருங்கக்கா." என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. நெகிழ்ந்து போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

நாலாம் நாள் ஹெச்.ஆர். அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார். பணியாளர் தானாகவே வெளியில் மாத்திரை வாங்கி உட்கொண்டார், இதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று டைப் அடித்திருந்தது. அவள் படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். வீங்கிய மணிக்கட்டு, பேனா பிடிக்க முடியவில்லை. சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். என் கை நன்றாகத்தான் இருந்தது, கையெழுத்து கோணாமல் விழுந்தது.

அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. ரத்தம் குறைவு, நின்று வேலை செய்ய முடியாது என்று காரணம் சொன்னார்கள். யாரிடமும் போய் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிழைத்துக்கொண்டாளே, அதுவே பெரிய விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டப்பாவைக் குப்பையில் போட்டேன். போடுவதற்கு முன் மருந்துக்கடையில் போய், ரோஸுக்கும் மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே மருந்துதான்க்கா, தயாரிக்கற கம்பெனிதான் வேற" என்றார் சாதாரணமாக. கேஸ் மாத்திரை எதற்கு என்றும் அப்போதுதான் கேட்டேன். வலி மாத்திரை வயிற்றை அரிக்காமல் இருக்க என்றார். வலி மாத்திரை கிட்னியையும் கெடுக்குமாம், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் மோசமாம். "நான் அன்னிக்கே சொன்னேனேக்கா" என்று சிரித்தார். நான் டப்பாவைத் தூக்கிப் போட்டதால் எதுவும் மாறிவிடவில்லை. பக்கத்து லைன்காரி ஒருத்தி பையில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. என் பெண்கள் அவளிடம் போகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "நீங்களே குடுத்தீங்களேக்கா" என்கிறார்கள்.

பத்து மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக ராயக்கோட்டைக்குப் போனேன். மார்க்கெட் ஓரமாக நடந்தபோது, "அக்கா" என்று குரல். அவள்தான். தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, காய், பழம் என்று பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இடது கையால் பிரித்தாள். டீ வரவழைத்துக் கொடுத்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "என்னக் காட்டிக் குடுக்காம நீ பழிய ஒம்மேல போட்டுக்கிட்ட. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்டி" என்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அவள் கை நிற்காமல் தக்காளியைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"அதில்லக்கா. டாக்டரம்மா கேட்டப்ப நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல, எனுக்கு கேட்டுச்சு. கண்ணுதான் தொறக்க முடியல, காது கேட்டுச்சு. அக்காவே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க, அப்ப நாமளும் அதுக்கு ஒத்தாப்புலதான் சொல்லணும்னு நெனச்சேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அதுகூட பரவால்லக்கா. பீரியட்ஸ்ல ரத்தம் போவும்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் நான் செத்தேன்னு நெனச்சேன். வாயத் தொறந்து சொல்லப் பாக்கறேன், வரல. எனுக்கு கர்ப்பப்பைய எடுத்து மூணு வருசம் ஆவுதுக்கா. கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு."

அதைச் சொல்லிவிட்டு, பெட்டி நிறைந்துவிட்டதென்று ஆளைக் கூப்பிட எழுந்து போய்விட்டாள். நான் எப்போது பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

அவள் என்னோடு ஒன்றரை வருடம் ஒரே லைனில் நின்றவள். அவள் ஒரு மணிக்கு எத்தனை கட்டு முடிப்பாள், எந்த விரல் மரத்துப் போகும், எந்த மாத்திரைக்கு அவள் வலி அடங்கும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். டாக்டரிடம் தெரியாது என்று பொய் சொல்லிவிட்டேனே என்றுதான் அதுவரை எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்பதும், தெரியாமலேயே அவளுக்கு நாலு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறேன் என்பதும்தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.